நாற்பத்து மூன்று ஓன் போர்டு

எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிற கண்ணாடி அலமாரியைப் பார்த்துவிட்டு யாராவது "பொம்மையா?" என்று கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். பொம்மை என்றால் பிள்ளைகள் தரையில் உருட்டி, சக்கரம் கழன்றதும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவது. என்னிடம் இருப்பவை மாடல் கார்கள். உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்தவை. அசல் காரை நாற்பத்து மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் என்ன அளவு வருமோ அந்த அளவு, உள்ளங்கையில் அடங்கிவிடும். வைப்பர் தனியாக இருக்கும். பெட்ரோல் மூடி தனியாக இருக்கும். குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் பின்சீட்டின் தையல் வரி தெரியும். இதைப் போய்ப் பொம்மை என்கிறவர்களிடம் நான் அதிகம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

அதைவிட எரிச்சல் கிளப்புவது அடுத்த கேள்வி. "ஒரு நல்ல கார்கூட இல்லையே தம்பி?" நல்ல கார் என்றால் அவர்களுக்கு மேல்கூரை திறக்கிற சிவப்புக் கார், தரையோடு தரையாகப் போகிற பந்தயக் கார். அந்த இனத்தையே நான் அலமாரியில் ஏற்றுவதில்லை. எல்லாம் நாலு கதவும் ஒரு டிக்கியும் உள்ள குடும்பக் கார்கள், செடான்கள். வெள்ளை, சாம்பல், பழுப்பு. எந்த ஊர்த் தெருவிலும் எவனும் திரும்பிப் பார்க்காத வண்டிகள். சுவரில் இவற்றின் படத்தை யாரும் ஒட்டியதில்லை. ஆனால் பிரசவம் முடிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது, பரீட்சைக்கு நேரமாகிவிட்டதென்று பறந்தது, கல்யாணத்துக்குப் பின்சீட்டில் நாலு பேரும் மடியில் ரெண்டு பேருமாகப் போனது, எல்லாம் இவற்றில்தான். டிக்கி என்று ஒன்று வைத்தவன் குடும்பத்தை நினைத்துத்தான் வைத்திருப்பான் என்பது என் கட்சி.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது அப்பாவால். அவருக்கு நெஞ்சுவலி வந்த அன்று எங்கள் ஊர் திருமயத்திலிருந்து திருச்சிக்கு ஒரு வாடகைக் காரில் கொண்டுபோனோம். அவர் தலை என் மடியில். வழி நெடுக நான் பார்த்துக்கொண்டு போனது முன்சீட்டின் முதுகில் இருந்த கிழிசலையும் கதவில் இருந்த கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடியையும்தான். அந்தத் தடவை அப்பா பிழைத்துவிட்டார். பத்து நாள் கழித்து அதே காரில்தான் திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நன்றாகவே இருந்தார். அவர் போன பின் ஒருநாள், பிரிண்டரை ரிப்பேருக்குக் கொடுக்கத் திருச்சிக்குப் போயிருந்தேன். ஒரு கடைக் கண்ணாடிக்குள் அந்தக் கார் நின்றது. அதே சாம்பல், அதே பின்விளக்கு. கையில் வாங்கிக் குனிந்து பார்த்தேன். கதவில் அந்தக் கைப்பிடியும் இருந்தது. கடையில் நின்று அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன். ஒன்று, மூன்றாகி, முப்பதாகி, இந்தக் கதை நடக்கும்போது அறுபத்தொன்று ஆகியிருந்தது.

என் பிழைப்பு இ-சேவை மையம். தாலுகா ஆபீசுக்கு எதிர்வரிசையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ரேகை எந்திரம். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல் என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுப்பேன். எழுத்துப் பிழை என்று ஒரு மனு என் கையிலிருந்து திரும்பி வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அப்படிப்பட்டவன் தன் சொந்தக் கல்யாணப் பயோடேட்டாவில் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து ஆகப்போகிறது. ஜாதகம் பொருந்தினால் வேலை பிடிக்காது, வேலை பிடித்தால் ஊர் பிடிக்காது என்று ஒன்பது இடம் தட்டிப்போயிருந்தது. அம்மா வெளியே சிரித்துக்கொண்டு, அடுப்படியில் தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். "எனக்கப்புறம் ஒனக்கு ஒரு வாய் சோறு போட யாரு இருக்கா?" என்பாள். "எனக்கே சமைக்கத் தெரியும்மா" என்றால், "ஆமா, அந்தக் காருங்களுக்குப் பரிமாறு" என்பாள்.

தரகர் பயோடேட்டா கேட்டார். நானே அடித்தேன். பெயர், படிப்பு, தொழில் எல்லாம் போட்டு, 'மற்ற விவரங்கள்' என்ற இடத்தில் இரண்டு வரி சேர்த்தேன். 'சொந்த வீடு 1.' அதன் கீழே, 'கார் மாடல் சேகரிப்பு, 1:43.' அளவு விகிதத்தைப் போடாமல் விட எனக்கு மனசு வரவில்லை. விஷயம் தெரிந்தவன் பார்த்தால் மதிப்பான் என்று ஒரு நினைப்பு. கல்யாணத் தரகருக்கு விகிதம் எப்படித் தெரியும் என்று யோசிக்கவே இல்லை. அவர் தன் டைரியில் அதைச் சுருக்கி எழுதிக்கொண்டார்: 'வீடு 1. கார் 43.'

மணமேல்குடியில் ஒரு பெண் வீட்டுக்கு அந்த டைரி போனது. பெண் அறந்தாங்கியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். பெண்ணின் அப்பா இருபத்திரண்டு வருஷம் டாக்சி ஓட்டியவர். கடற்கரை ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போன பாதிப் பேரைத் திருச்சி ஏர்போர்ட்டில் கொண்டுபோய் இறக்கியது அவர் வண்டிதான் என்பார்கள். தரகர் அவரிடம், "மாப்பிள்ளைக்கு நாப்பத்து மூணு கார்ங்க" என்று அள்ளி விட்டிருக்கிறார். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஓன் போர்டா, டி போர்டா?"

எங்கள் பக்கம் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கிற கார் ஓன் போர்டு, வெள்ளை நம்பர் பிளேட். வாடகைக்கு ஓடுவது டி போர்டு, மஞ்சள் பிளேட். தரகருக்கு இது ஒன்றும் தெரியாது. ஓன் என்றால் சொந்தம்தானே, அதுதான் கௌரவம் என்று நினைத்து, "எல்லாம் ஓன் போர்டுதாங்க, நாப்பத்து மூணும்" என்று சொல்லிவிட்டார்.

டாக்சி ஸ்டாண்டில் நின்ற மனிதரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. ஓன் போர்டை வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாகச் சவாரி அடிக்கிறவனை டி போர்டு டிரைவர்களுக்குக் கண்டாலே ஆகாது. பர்மிட்டுக்கு அலைவது இவர்கள், வரி கட்டுவது இவர்கள், சவாரியைக் கொத்திக்கொண்டு போவது அவன். ஒன்றல்ல, நாற்பத்து மூன்று ஓன் போர்டு வைத்திருக்கிறவன் என்றால் அவன் எவ்வளவு பெரிய களவாணியாக இருக்க வேண்டும்! மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறேன் என்று அவர் கிளம்பியது சம்பந்தம் பேச அல்ல, ஆளை நேரில் பிடித்து நாலு கேள்வி கேட்க. இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு புதன்கிழமை தரகரோடு வேனில் ஏழு பேர் வந்து இறங்கினார்கள். அம்மா விடியற்காலையிலிருந்தே சமைத்திருந்தாள். சாம்பார், கூட்டு, வடை, பாயசம். அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர், காபியோடு சரி. இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அதன் பிறகு பேச்சு மாறக்கூடாது. "ஒருவேளை நனைச்சுட்டா? அப்ப சோறு இல்லன்னு நிக்கிறதா?" என்றாள் அம்மா.

பெண்ணின் அப்பா நெடுநெடுவென்று இருந்தார். வெள்ளைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார். வலது முழங்கை இடதைவிட ஒரு மடங்கு கூடுதலாகக் கறுத்திருந்தது. உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வண்டியெல்லாம் எங்கிட்டு நிக்குது தம்பி?"

என் வீட்டுக்கு வந்த எவரும் இதுவரை உட்காருவதற்கு முன் கார்களைக் கேட்டதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஹால்லதாங்க இருக்கு. வாங்க, காட்டுறேன்."

"ஹால்லயா?"

"ஆமாங்க, தூசி படக்கூடாதுல்ல."

உள்ளே கூட்டிக்கொண்டு போய் அலமாரியின் விளக்கைப் போட்டேன். அறுபத்தொரு செடானும் வரிசையாக மின்னின. கூட வந்த அத்தை ஒருவர் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தார். தரகர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த நிமிஷம், "ஒரு போன் வருது" என்று வாசலுக்குப் போனவர் அப்படியே கம்பி நீட்டிவிட்டார். பெண்ணின் அப்பா மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"பொம்மையா?"

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். "பொம்மை இல்லைங்க. மாடல்" என்றேன். சொன்ன விதம் சரியில்லை என்று எனக்கே கேட்டது.

"சரி, மாடல். இந்த மாடல்ல ஏறி எம் பொண்ணு எங்க போறது?"

காபிகூடக் குடிக்காமல், தண்ணீரோடு எழுந்து போய்விட்டார்கள். வேன் திரும்புகிற சத்தம் கேட்டு அடங்கிய பிறகு அம்மா பாயசத்தைத் தூக்குவாளியில் ஊற்றிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்திச் சமாளித்திருப்பேன். அவள் பேசாமல் ஏழு இலைகளையும் திரும்பச் சுருட்டிக் கட்டிவைத்ததைப் பார்த்தபோது, அந்த அலமாரியைக் காலி செய்துவிடலாமா என்று முதல் தடவையாக எனக்குத் தோன்றியது.

தரகரைத் தேடிப் பிடித்து டைரியை வாங்கிப் பார்த்தபோதுதான் முழு விஷயமும் விளங்கியது. அவரைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் ஒன்றுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் நடுவில் இருந்த இரண்டு புள்ளியும் என் கைவேலை.

மூன்றாம் நாள், மையத்தில் ஒரு பெரியவரின் கைரேகை பதியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. புது நம்பர்.

"நாப்பத்து மூணு கார் ஓனருங்களா?"

"யாருங்க பேசுறது?"

"மணமேல்குடிங்க. வந்து தண்ணி மட்டும் குடிச்சுட்டுப் போனாங்கள்ல, அந்த வீட்டுப் பொண்ணு. நெசமா நாப்பத்து மூணு இருக்கா?"

"அறுபத்தொண்ணு" என்றேன், கடித்துத் துப்பாத குறையாக.

அந்தப் பக்கம் சிரிப்பு. பரிகாசச் சிரிப்பாகத் தெரியவில்லை. "கோவப்படாதீங்க. எங்கப்பா மூணு நாளா ஒங்களத் திட்டிக்கிட்டே இருக்காரு. திட்டுறப்ப ஒண்ணு சொன்னாரு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'எவனும் சீண்டாத டப்பா வண்டியெல்லாம் வச்சிருக்கான், என் வண்டிய மட்டும் வைக்கல'ன்னாரு."

பெரியவரின் விரலைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன். ஒரு மனிதர் இப்படிச் சொல்ல வேண்டுமென்றால் அறுபத்தொன்றையும் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தது மட்டுமில்லை, தன் வண்டியைத் தேடியிருக்க வேண்டும். எனக்கு மூச்சு வந்தது.

அவள் மேலே சொன்னாள். "எனக்குச் சம்மதம்னு இப்ப சொல்லலைங்க. ஒண்ணுமில்லாத வண்டிய இம்புட்டுப் பாத்துப் பாத்து வச்சிருக்கவரு, வீட்ல இருக்கவங்களையும் பாத்துக்குவாருன்னு தோணுச்சு. தோணுச்சு, அவ்வளவுதான். எங்கப்பா ஒங்க வீட்ல கை நனைச்சாத்தான் மேக்கொண்டு பேச்சு. அதுக்கு என்ன செய்யணுமோ நீங்க பாத்துக்கங்க."

அவர் வண்டி எது என்று கேட்டேன். பம்பாயில் செய்த சதுரமான செடான். பெயர் என்று ஒன்று கிடையாது, நம்பர்தான் பெயர். ஜப்பான் இன்ஜின். எனக்குத் தெரியும் அந்த வண்டியை. பத்துப் பதினைந்து வருஷம் ஓடிவிட்டு, ஒருவருக்கும் தெரியாமல் ரோட்டிலிருந்து காணாமல் போனது. அதற்கு யாரும் மாடல் செய்யவில்லை. அதனால்தான் என்னிடமும் இல்லை. ஆனால் ஒரு வழி இருந்தது. அதன் உடம்பு இத்தாலிக்காரன் போட்ட டிசைன். அதே உடம்பை ஸ்பெயினிலும் ரஷ்யாவிலும் துருக்கியிலும் வேறு வேறு பெயரில் செய்தார்கள். முன்னால் சதுர விளக்கு வைத்த ஸ்பெயின் வண்டி ஏறக்குறைய இதேதான். அதற்கு மாடல் உண்டு. வெளிநாட்டில் ஒருவரிடம் கடுகு மஞ்சள் நிறத்தில் ஒன்று கிடைத்தது. அனுப்பச் சொன்னேன்.

பார்சல் வர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் அவள் நாலைந்து தடவை பேசினாள். வாட்சப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். பத்து வயதில் அவள் கார் பானட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறாள், அவள் அப்பா பக்கத்தில் நிற்கிறார். கார் வெள்ளை. ஆனால் இடதுபக்கப் பின்கதவு மட்டும் ஆகாய நீலம். ஒரு லாரி உரசிக் கதவு போய், காயலாங்கடையில் கிடைத்த நீலக் கதவை மாட்டியிருக்கிறார். பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசிவரை அடிக்கவே இல்லை. ஏர்போர்ட்டில் வந்து இறங்குகிறவர்கள் நூறு வெள்ளைக் காருக்கு நடுவில் அந்த நீலக் கதவைப் பார்த்துத்தான் இவரைக் கண்டுபிடிப்பார்களாம். "பின் கண்ணாடியில எம் பேரு ஒட்டியிருக்கும்" என்றாள். அவள் பன்னிரண்டாவது முடித்த வருஷம் வண்டியை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அந்த வண்டியைப் பற்றிப் பேச்சே இல்லை, இந்தத் திட்டு வரைக்கும்.

ஒரு நாள் அவள் குரல் இறங்கியிருந்தது. "வேற ஒரு ஜாதகம் வந்திருக்கு. அப்பா பத்துல ஒம்போது பொருத்தம்னு சொல்றாரு." மறுநாள் காலையில் தபால்காரர் பார்சலைக் கொண்டுவந்தபோது அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

பெட்டியில் வந்த மாடலின் பெயின்டை உரிப்பது பாவம் என்று சேகரிக்கிறவர்கள் நினைப்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். உரித்த மாடலை யாரும் சீண்ட மாட்டார்கள். கடுகு மஞ்சளில் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்திருந்ததை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். பிறகு அடியில் இருந்த இரண்டு திருகாணியையும் கழற்றினேன். பழைய பெயின்டைக் கரைத்து, வெள்ளை அடித்து, காயவைத்து, டேப் ஒட்டி, இடது பின்கதவை மட்டும் ஆகாய நீலமாக்கினேன். நீலம் சரியாக வர நாலு தடவை கலந்தேன். மஞ்சள் பிளேட்டில் பழைய நம்பரை அடித்து ஒட்டினேன். பின் கண்ணாடியில் அவள் பெயரை, படிக்க வேண்டுமென்றால் கண்ணைச் சுருக்க வேண்டிய அளவில் அச்சடித்து ஒட்டினேன். முடித்துக் கையில் எடுத்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை. போட்டோ எடுத்து அனுப்பினேன். அவளிடமிருந்து, "ஞாயித்துக்கிழமை அப்பாவ அனுப்புறேன்" என்று மட்டும் வந்தது.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு அவர் தனியாக வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். "தாலுகா ஆபீசுல ஒரு சோலி. அப்படியே எட்டிப் பாக்கலாம்னு" என்றார். ஞாயிற்றுக்கிழமை தாலுகா ஆபீசில் என்ன சோலி என்று நான் கேட்கவில்லை. அம்மா அவரைப் பார்த்ததும் அடுப்படிக்குள் போனவள், கதவோரமாகவே நின்றுகொண்டாள்.

மேஜை மேல் காரை வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தொடவில்லை. முதலில் நீலக் கதவைப் பார்த்தார். தலையை ஆட்டினார். மேஜையைச் சுற்றி நடந்து போய்ப் பின் கண்ணாடியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, திரும்பவும் போட்டுக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் இன்னும் குனிந்து உள்ளே பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு தம்பி. ஸ்டேரிங் மட்டும் அங்கிட்டு இருக்கே. இதுல நான் எங்கிட்டு உக்காருறது?"

பார்த்தேன். ஸ்டேரிங் இடதுபக்கம். ஸ்பெயின் வண்டி, அங்கே அப்படித்தான் இருக்கும். என் அலமாரியில் முக்கால்வாசி இடதுபக்க ஸ்டேரிங்தான். வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அது தப்பாகவே படவில்லை. நீலத்தை நாலு தடவை கலந்தவன், காரை ஓட்டுகிற மனிதருக்கு இடம் வைக்காமல் விட்டுவிட்டேன். அவர் தன் கறுத்த வலது முழங்கையைத் தூக்கிக் காட்டினார். "இருவத்திரண்டு வருசம் இந்தக் கைய ஜன்னல்ல வச்சுத்தான் ஓட்டுனேன். இதுல வச்சா டாப் கியர் போடுற எடத்துலல்ல வருது!"

அசட்டுச் சிரிப்புச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் எனக்குக் கோபம் வரும். அன்று வரவில்லை. "மாத்திடலாங்க" என்றேன். "இப்பவே."

"எம்புட்டு நேரமாகும்?"

"ஒரு மணி நேரம்."

"மாத்துங்க. நான் இருந்து பாத்துட்டே போறேன்."

திருகாணியைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே எடுத்தேன். ஸ்டேரிங்கின் தண்டை வெட்டி, இடதுபக்கம் இருந்த ஓட்டையை அடைத்து, வலதுபக்கம் மயிரிழை போல ஒரு துளை போட்டேன். டாஷ்போர்டில் மீட்டர் இருக்கிற மேடு மட்டும் இடதுபக்கமே இருந்தது; அதை நகர்த்த வழியில்லை என்று தயங்கிச் சொன்னேன். "மீட்டர் எங்கிட்டு இருந்தா என்ன? அது என்னைக்கு ஓடுச்சு?" என்றார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். உள்பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொள்வது அவர் வேலை, ஸ்டேரிங்கை நடுவது என் வேலை என்று ஆனது.

"அந்த ட்வீசர எடுங்க மாமா" என்றேன், கண்ணை எடுக்காமல்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் எடுத்துக் கொடுத்தார். அடுப்படியில் எதுவோ கீழே விழுந்த சத்தம் கேட்டது.

ஸ்டேரிங் வலதுபக்கம் உட்கார்ந்தது. காய்கிற வரை அவர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். பசை வழிந்து விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. நான் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தேன். அவர் காரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, வலதுபக்க ஜன்னல் வழியாகப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தில் போட்டோவில் இருந்த ஆள் தெரிந்தார். காரை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, ஒட்டிக்கொண்ட விரல்களைப் பிரித்துப் பார்த்தார்.

"தண்ணி எங்கிட்டு இருக்கு? கைய நனைச்சுட்டு வாரேன்."

பசையைக் கழுவத்தான் கேட்டார். கொல்லைப்பக்கக் குழாயைக் காட்டினேன். ஆனால் கதவோரம் நின்ற அம்மாவுக்குக் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான். குழாய் திறக்கிற சத்தமும் கேட்டதா, அவ்வளவுதான். அன்று சுருட்டிக் கட்டிய இலைகள் எப்போதோ வாடிப்போயிருந்தன. அவள் முன்வாசல் வழியாக ஓடி, பக்கத்து வீட்டு வாழையில் ஒரு இலையை அறுத்துக்கொண்டு வந்து, ஹால் நடுவில் போட்டு, தண்ணீர் தெளித்து, சோற்றை வைத்து, புளிக்குழம்பும் ஊற்றிவிட்டாள். "அம்மா, அவரு பசைய..." என்று நான் ஆரம்பித்ததை அவள் காதில் வாங்கவில்லை. இரண்டாவது தடவையும் இலை சும்மா கிடக்கப்போகிறதே என்று இருந்தது எனக்கு.

அவர் ஈரக் கையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். இலையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தன் கையையே ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"நனைச்சுட்டேனா?" என்றார்.

அம்மா இலைக்கு முன்னால் தண்ணீர்ச் சொம்பை வைத்தாள்.

"எலையில சோறு ஆறுது" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேட்டியை ஒதுக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ரசம் இருக்கா, சம்மந்தி?"

அன்றைக்கு அம்மா ரசமே வைக்கவில்லை. "இருக்குங்க, இருக்குங்க" என்று சொல்லிக்கொண்டே, புளியைக் கரைக்க அடுப்படிக்கு ஓடினாள்.